முதல் ஆணி

அந்த ஊரில் கரண்ட் வண்டி வைத்திருந்தவர்களுக்கு இரண்டு வீடு. ஒன்று படுத்து எழுந்திருக்கிற வீடு. இன்னொன்று சந்தைக் கட்டடத்துக்குப் பின்னால், பழைய எடைமேடைக்குப் பக்கத்தில் நின்ற சார்ஜர். முதல் வீட்டில் மூடி வைத்த கதையெல்லாம் இரண்டாவது வீட்டில் வண்டிக்குச் சார்ஜ் ஏறுவதற்குள் வெளியே வந்துவிடும். யார் மகள் கோபித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள், யார் மாடு கன்று போட்டது, யாருக்கு வேலை போனது, எல்லாம் அங்கேதான் தெரியும்.

சார்ஜரில் வண்டியில் சொருகுகிற கன் இரண்டு இருந்தன. ஒன்று வந்த வருஷமே கெட்டுப்போய், தலையில் சாக்குப் பையை மாட்டிக்கொண்டு நின்றது. வேறு வழி என்று பார்த்தால் பள்ளிக்கூட வளாகத்தில் ஒன்று உண்டு. விடுமுறை நாளில் மட்டும் கேட்டைத் திறந்துவிடுவார்கள், அதுவும் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றும். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பெரிய சாலை முக்கில் ஒரு ஹோட்டல்காரர் வைத்திருந்தார். அங்கே போய்த் திரும்புவதற்குள் ஏற்றியதில் பாதி கரைந்துவிடும். ஆகவே ஊர் முழுக்க அந்த ஒரே கன்னை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே காவலுக்கு இருந்தவரைப் பர்சென்ட் அண்ணன் என்பார்கள். வண்டிகளைப் பார்த்துப் பார்த்து மனிதர்களையும் அவர் அப்படியே அளக்கப் பழகியிருந்தார். "என்னப்பா, இன்னிக்கு மூஞ்சில நாப்பதுதான் இருக்கு, வீட்ல சண்டையா?" என்பார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருந்தார். வந்தவர்கள் வரிசைப்படி சாவியை மாட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம். ஒரு வண்டி நிறைந்ததும் அவரே அதை நகர்த்திவிட்டு அடுத்ததைக் கொண்டுவந்து சொருகுவார்.

முதல் ஆணியில் மட்டும் யாரும் சாவி மாட்டமாட்டார்கள். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் அது காலியாகவே இருக்கும். அது தையல்காரியின் வண்டிக்கு. அவள் கணவனுடைய மூச்சு அந்த வண்டியில் இருந்தது என்று ஊருக்கே தெரியும்.

இருபது வருஷம் கல் அறுக்கிற பட்டறையில் தூசி தின்றவர் அவர். இப்போது நெஞ்சுக்குள் கல்லே உட்கார்ந்துவிட்ட மாதிரி, கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போய்வந்தால் உதடு நீலம் பாரித்துவிடும். காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் அது நிற்கும். அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் உண்டு. ஆனால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால்தான் அந்தப் பழைய வண்டியை வாங்கினார்கள். அதிலிருந்து வெளியே கரண்ட் எடுக்கலாம். வாசலில் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாக ஒயரை உள்ளே விட்டால் மெஷின் ஓடும். வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ள வழியில்லை. வாடகை வீடு, பழைய ஒயரிங், சொருகிய உடனே ஃபியூஸ் போய்விடும்.

முதல் ஆணி அவளுக்காகக் காத்திருந்தது. அவளோ எப்போது வந்தாலும் சாவியைக் கடைசி ஆணியில் மாட்டுவாள்.

"இங்க மாட்டும்மா. இது உன் ஆணி" என்பார் பர்சென்ட் அண்ணன்.

"அவங்க முன்னாடி வந்தாங்கள்ல. போடட்டும்ண்ணா. எனக்கு அவசரமில்ல."

"சரி, சாவிய மாட்டிட்டு வீட்டுக்காவது போ. ஏறினதும் போன் பண்றேன்."

"இல்ல, இங்கயே இருக்கேன். கையில வேலை இருக்கு."

பர்சென்ட் அண்ணன் மற்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். இப்படி ஒரு பொம்பளையா என்று அதற்கு அர்த்தம். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள் ஒருமுறை கண் கலங்கியே போனாள். "தனக்கு இவ்ளோ கஷ்டத்த வெச்சிக்கிட்டு அடுத்தவங்களுக்கு வழி விடறா பாரு" என்றாள்.

அதையெல்லாம் கேட்கும்போது தையல்காரிக்கு உடம்பு கூசும். தான் நல்லவள் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

வண்டிக்குள் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொள்வாள். யாருடைய பேண்டையாவது மடியில் போட்டு, ஊசியில் நூலைக் கோத்து வைத்துக்கொள்வாள். ஒரு தையல்கூடப் போடமாட்டாள். முதல் கொஞ்ச நேரம் காதில் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். புஸ் என்று இழுத்து டக் என்று விடுகிற அந்தச் சத்தம் வீட்டில் எங்கே போனாலும் கூடவே வரும்; அடுப்படியிலும் வரும், குளிக்கும்போதும் வரும். அதற்கு நடுவில் அவர் மூச்சு. கஞ்சியைக் கிளறுகிற கை கிளறிக்கொண்டே இருக்கும், காது அந்த மூச்சை எண்ணும். அடுத்த மூச்சு வர ஒரு நொடி தாமதித்தால் அவள் மூச்சும் நின்று காத்திருக்கும். இரண்டு வருஷத்தில் அவளுக்கென்று ஒரு மூச்சு இல்லாமலே போய்விட்டது. வண்டிக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆனதும் தோள்கள் தாமாகக் கீழே இறங்கும். அப்போதுதான் அவை இத்தனை நேரம் காதுவரை ஏறியிருந்தது தெரியும்.

அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் வழி விட்டாள். முன்னால் இரண்டு வண்டி இருந்தால் இரண்டு மணி நேரம் கிடைக்கும். மூன்று இருந்தால் அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும், அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துப் பயமாகவும் இருக்கும்.

ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, தையல் மெஷினை ஜன்னலோரமாகப் போட்டால் வெளிச்சம் நன்றாக விழும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பொத்தான் தைக்க விளக்குப் போடவே வேண்டாம், சாயங்காலம்வரை தைக்கலாம், பக்கத்தில் துணி அடுக்க ஒரு பலகை அடித்துக்கொள்ளலாம் என்று வெகுதூரம் போய்விட்டாள். அந்த ஜன்னலோரத்தில்தான் அவர் கட்டில் இருக்கிறது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கட்டிலை எங்கே நகர்த்தினாள் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போனதும் அவருக்குக் கால் பிடித்துவிட்டாள். "என்ன இன்னிக்கு மரியாதையெல்லாம் பலமா இருக்கு" என்று அவர் கேட்டார்.

நாத்தனார் பாதிநாள் வந்து இருப்பாள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். ரொட்டி சுடுகிற கடையில் விடியற்காலை வேலை. முடிந்ததும் மாவு ஒட்டிய கையோடு வந்து நிற்பாள். அவள் வந்த பிறகுதான் தையல்காரி சார்ஜருக்குக் கிளம்ப முடியும்.

அன்றைக்குக் காலையிலிருந்தே காற்று சரியில்லை. மேற்கே வானம் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கறுத்திருந்தது. இரண்டு நாளாகக் கரண்ட் விட்டு விட்டுப் போனதில் வண்டி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

"வண்டில எவ்ளோ இருக்கு?" என்று அவர் கேட்டார்.

"முப்பது சொச்சம்."

"அப்ப கெளம்பு. காத்து ஒரு மாதிரி அடிக்குது."

"கஞ்சிய குடிச்சிடுங்க, அப்பறம் போறேன்."

"அத தங்கச்சி குடுப்பா. நான் எங்க ஓடிடப் போறேன். ஓட முடிஞ்சா ஏன் இங்க படுத்திருக்கேன்."

"வாய்க்கு மட்டும் ஒண்ணும் வரல" என்றாள் அவள், போர்வையை இழுத்துவிட்டபடி.

"அது பட்டறைல வேல செய்யல பாரு" என்றார். சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. நாத்தனார் ஓடிவந்து முதுகை நீவிவிட்டாள். "போங்க அண்ணி, நான் பாத்துக்கறேன், மழைக்கு முன்னாடி வந்துடுங்க" என்றாள்.

சார்ஜரில் அவளுக்கு முன்னால் ஸ்கூல் வேன் மட்டும் நின்றது. அதுவும் நிறைகிற நேரம். பர்சென்ட் அண்ணன் அவள் கையிலிருந்த சாவியைத் தானே வாங்கி முதல் ஆணியில் மாட்டினார். "இன்னிக்கு உன் பேச்ச கேக்கறதா இல்ல. மேகத்த பாத்தியா? அதுக்கே தொண்ணூத்தஞ்சு ஏறியாச்சு" என்றார்.

அவள் சிரித்தாள். ஸ்கூல் வேன்காரி கன்னைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது பால் வண்டி வந்து நின்றது. பின்னால் பாலைக் குளிரவைக்கிற பெட்டி. அதுவும் வண்டியிலிருந்து கரண்ட் எடுத்துத்தான் ஓடும். ஊரில் வெளியே கரண்ட் தருகிற வண்டி அவளுடையதும் அதுவும் மட்டும்தான். ஓட்டுகிறவன் அவளைவிட ரொம்பச் சின்னவன். போன மாதம்தான் அப்பாவாகியிருந்தான்.

"அக்கா போடட்டும், நான் நிக்கறேன்" என்றான் இறங்கும்போதே.

"உள்ள பால் இருக்கா?"

"இருக்கு. பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் எறக்கணும். இருக்கட்டும்க்கா, கெட்டா தயிராக்கி வித்துக்கறேன்."

"வெளையாடாத. நீ போடு."

"அக்கா, வேணாம். மழ வருது."

"வரட்டும். மழ வந்தா கரண்ட் போகணும்னு சட்டமா?"

"இந்த ஊர்ல சட்டம்தான்" என்றார் பர்சென்ட் அண்ணன்.

அவளே போய் முதல் ஆணியிலிருந்து சாவியை எடுத்து இரண்டாவதில் மாட்டினாள். அந்தப் பையனுடைய பால் வீணாகக் கூடாது என்ற நினைப்பும் இருந்தது, பொய் இல்லை. ஆனால் கிளம்புவதற்கு முன் வந்த அந்த இருமல் இன்னும் காதில் இருந்தது. அது அடங்குகிறவரைக்கும் அவளுக்கு நேரம் வேண்டியிருந்தது. வண்டிக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். முதல் துளிகள் கூரையில் விழுந்தன. மழைச்சத்தம் எல்லாச் சத்தத்தையும் மூடிவிட்டது. கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துகூடப் போனாள். அவ்வளவு நிம்மதியான தூக்கம் பல மாதங்களாக வந்ததில்லை.

பர்சென்ட் அண்ணன் குடையோடு வந்து கண்ணாடியைத் தட்டினார். பால் வண்டி போய்விட்டிருந்தது. அவள் வண்டியை நகர்த்திக் கொடுத்தாள், அவர் சொருகினார். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. அது எரிய ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, சந்தைக்கு மேலே வானம் பிளந்த மாதிரி ஒரு மின்னல் வெட்டு. விளக்கு அணைந்தது. தெருவில் ஒவ்வொரு கடையாக இருட்டியது.

அண்ணன் குனிந்து அவள் வண்டிக்குள் இருந்த எண்ணைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த எண்ணை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"வந்துடும்மா" என்றார். "இப்ப வந்துடும்."

கரண்ட் வரவில்லை. அன்று இரவு முழுக்கக் காற்று கூரைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவள் வாசலில் வண்டியை நிறுத்தி ஒயரை உள்ளே விட்டிருந்தாள். மெஷின் ஓடியது. ஒவ்வொரு தடவை வெளியே போய் எண்ணைப் பார்க்கும்போதும் ஒன்று குறைந்திருந்தது. இருபதுக்கு இறங்கியதும் அந்த வண்டி வெளியே கரண்ட் கொடுப்பதைத் தானாக நிறுத்திக்கொள்ளும். மிச்சத்தைச் சக்கரத்துக்கென்று வைத்துக்கொள்ளும். விடிந்து கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. மெஷின் நீளமாக ஒரு தடவை கத்திவிட்டு அடங்கியது.

நாத்தனார் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினாள். அளவைக் குறைத்து வைத்தாள்.

பிறகு ஊரே அந்த வீட்டுக்கு வந்தது. செல்போன் டவர் விழுந்துவிட்டதால் யாரையும் கூப்பிட முடியவில்லை. ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம். ஸ்கூல் வேன்காரி ஆறுவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முழங்காலுக்கு மேலே சேறு. "தண்ணி பாலத்து மேல போகுது. ஒரு மரம் நேரா வந்து கைப்பிடிய ஒடச்சிட்டு போகுது. எந்த வண்டியும் போகாது, வராது" என்றாள். துணிக்கடைக்காரர் தன் கடை ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். அது இருமியது, புகைந்தது, ஓடியது. அந்த ஏறி இறங்குகிற கரண்டை மெஷின் ஏற்கவில்லை. கத்திக் கத்தி நின்றுவிட்டது. வண்டியில் சொருகிப் பார்த்தார்கள், வண்டியும் சிவப்பு விளக்கைக் காட்டியது. துணிக்கடைக்காரர் ஏதோ தன் பிள்ளை தப்புச் செய்துவிட்ட மாதிரி அந்த ஜெனரேட்டரின் தலையில் தட்டினார். "கடைல லைட்டு ஃபேனெல்லாம் நல்லாத்தான் ஓடும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

பர்சென்ட் அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "பால்காரன் வண்டி இங்க இருந்தா போதும். முழுசா ஏத்திட்டு போனான். நாலு நாளைக்கு ஓட்டலாம். நேத்து அவனுக்கு விட்டுக் குடுக்காம இருந்திருந்தா..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நாத்தனார் கதவருகே நின்றிருந்தாள்.

"யாரு விட்டுக் குடுத்தா?"

எல்லோருடைய பார்வையும் தையல்காரி பக்கம் திரும்பியது. நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணி, நெஜமா?"

"ஆமா."

"மழ வருதுன்னு தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும்தான்."

"ஊர்ல நல்ல பேரு வாங்கணும்னா உங்க சோத்த விட்டுக் குடுங்க, உங்க தூக்கத்த விட்டுக் குடுங்க. எங்க அண்ணன் மூச்ச விட்டுக் குடுக்க நீங்க யாரு?"

நல்ல பேருக்காக இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. அப்படிச் சொன்னால் பிறகு எதற்காக என்று சொல்லவேண்டும். தையல்காரி கழுவிய பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

மத்தியானத்துக்கு மேல் கூட்டம் கலைந்தது. பால்காரன் எப்போது வருவான் என்று பார்க்கச் சிலர் ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள். நாத்தனாரும் போனாள், வீட்டுக்குள் நிற்க அவளால் முடியவில்லை. மழை விட்டிருந்தது. ஜன்னலில் வெளுப்பான ஒரு வெளிச்சம்.

மெஷின் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவள் எத்தனையோ தடவை நினைத்திருந்தாள். இப்போது இருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ துணி பிழிவது கேட்டது. அவர் மூச்சு, எதுவும் மூடாமல், வெறுமையாகக் கேட்டது. மரத்தை ரம்பம் அறுப்பதுபோல இருந்தது.

"உக்காரு" என்றார். "என்ன கத்திட்டு போனா அவ?"

"ஒண்ணுமில்ல. பேசாதீங்க, மூச்சு வாங்கும்."

"எப்பவும்தான் வாங்குது." சிறிது நிறுத்தி, "பால்காரனுக்குக் குடுத்தியா?" என்றார்.

"குடுத்தேன்."

"அதுக்கு முன்னாடி ஸ்கூல் வேனுக்கு. அதுக்கு முன்னாடி யாரு, அந்த மருந்துக் கடைக்காரனா?"

"யாரு சொன்னா?"

"பர்சென்டுதான். போன்ல. உன் பொண்டாட்டி தங்கம்டான்னு."

"தங்கமெல்லாம் இல்ல" என்றாள். "நான் வீட்டுக்கு வர்ற நேரத்த தள்ளிப் போட்டுட்டு இருந்தேன். அங்க உக்காந்து சும்மா இருந்தேன். இந்த சத்தம் கேக்காம. உங்கள கேக்காம. அதுக்குத்தான் எல்லாருக்கும் வழி விட்டேன். வேற ஒண்ணுமில்ல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோபம் வந்துவிட்டது என்று நினைத்தாள். பேசுவதற்குக் காற்று சேர்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"முக்காவாசி இருக்கறப்பவே போ போன்னு தொரத்துவேன். ஏன்னு நெனச்ச?"

அவளுக்கு அழுகை வந்தது. "எனக்காகவா?"

"உனக்காக கொஞ்சம்." ஒரு மூச்சு இழுத்தார். "எனக்காகவும்தான். நீ இருந்தா எண்ணிட்டே இருப்ப. அடுப்படில இருந்தாலும் எண்ணுவ. எனக்கு இரும பயம். திரும்பிப் படுக்க பயம். நீ போனப்பறம்தான் நல்லா சத்தமா இருமுவேன். சில நாள் அழுவேன். தங்கச்சி பயப்படுவா, ஆனா அவ எண்ணமாட்டா."

இது அவள் எதிர்பார்த்த வார்த்தை இல்லை. சட்டென்று ஒரு கோபம்கூட வந்தது. இத்தனை நாள் தன்னுடைய கள்ளத்தனம் என்று மூட்டை கட்டி வைத்திருந்ததை, அதற்குச் சமமான இன்னொரு மூட்டையைக் காட்டி அவர் இறக்கி வைத்துவிட்டார். இவர் என்னை எவ்வளவு பொறுத்திருக்கிறார் என்று நினைத்தாள். பிறகு, நானும்தான் என்று நினைத்தாள். இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒரு மணி நேரம் திருடிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் பக்கத்தில் அவளுக்குத் தனியாக இல்லாத மாதிரி இருந்தது.

"நேத்து மட்டும் சீக்கிரம் போட்டுட்டு வந்திருக்கலாம்" என்றாள். "நேத்து ஒரு நாள்."

"வந்திருக்கலாம்" என்றார். மறுக்கவில்லை. அதற்காக அவள் பிறகு எவ்வளவோ நாள் மனதுக்குள் அவருக்கு நன்றி சொன்னாள். "பாலு கெடாம போச்சா?"

"தெரியல."

"போயிருக்கும். நல்ல பையன்."

எழுப்பி உட்காரவைக்கச் சொன்னார். அவர் முதுகைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். எலும்புகள் தெரிந்தன. கை விரல்களில் பட்டறைக் காலத்துத் தழும்புகள், நகத்துக்கடியில் இன்னும் போகாத சாம்பல் நிறம். சிலிண்டரின் முள் கீழே படுத்துவிட்டதை அவள் பார்த்தாள். அவரும் பார்த்தார் என்று தோன்றியது.

"எண்ணாத" என்றார்.

"எண்ணல."

அவள் எண்ணவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நனைந்த தெருவில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். எதிர்வீட்டுக் கொடியில் காற்றுக்குத் தப்பிய ஒரே ஒரு சட்டை தொங்கியது. மார்பில் சாய்ந்திருந்த முதுகு ஏறி இறங்கியது, ஏறியது, இறங்கியது. அடுத்ததற்காக அவள் மூச்சு பழக்கத்தில் நின்று காத்தது. வெகுநேரம் காத்தது. கடைசியில் அவளுடைய மூச்சு மட்டும் தனியாக வெளியே வந்தது.

அவள் அசையவில்லை. நாத்தனார் ஈரக் காலோடு உள்ளே வந்து, "தண்ணி வடியுது அண்ணி, பால்காரன் அந்தக் கரைல நிக்கறான், இப்ப வந்துடுவான்" என்று சொல்லிக்கொண்டே கிட்டே வந்தாள். வந்து நின்றாள். அண்ணனின் காலடியில் அப்படியே உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகுதான் இருவரும் சேர்ந்து அவரைப் படுக்கவைத்தார்கள்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் பால் வண்டி வந்தது. சக்கரமெல்லாம் சேறு. அவன் குதித்து இறங்கிய வேகத்திலேயே பின்கதவைத் திறந்து, கறுப்பு ஒயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தான். மூச்சிரைத்தது.

"அக்கா, பாதிக்கு மேல இருக்கு. தண்ணி கொறையற வரைக்கும் கரையிலயே நின்னேன். எங்க சொருகணும்?"

வாசலில் நின்றிருந்தவர்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். பர்சென்ட் அண்ணன் எழுந்து அவன் தோளைப் பிடிக்கப் போனார். பையன் அவரைப் பார்த்தான், உள்ளே கட்டிலைப் பார்த்தான், தையல்காரியைப் பார்த்தான். ஒயர் தோளிலிருந்து நழுவியது.

"நேத்து நான் போட்டதாலயா?" என்றான்.

அவள் வாசலுக்கு வந்தாள். அவன் முகத்தில் அப்போதே ஏதோ ஒன்று இறங்க ஆரம்பித்திருந்தது. இறங்கவிட்டால் அது நெஞ்சுக்குள் கல்லாக உட்காரும். எத்தனை வருஷமானாலும் கரையாது.

"இல்லப்பா. வண்டில சார்ஜ் இருந்துச்சு" என்றாள். "மெஷின் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. அவருக்குத்தான் போதும்னு ஆயிடுச்சு."

அது பொய் என்று அங்கே நின்றிருந்த எல்லோருக்கும் தெரியும். துணிக்கடைக்காரரின் ஜெனரேட்டர் இன்னும் வாசலில்தான் இருந்தது. பையன் அதைப் பார்த்தான். மறுபடி வாய் திறக்கப் போனான்.

"ஆமா" என்றாள் நாத்தனார், உள்ளேயிருந்து. அழுது தடித்த குரல். "இருந்துச்சு. நான்தான் பாத்தேன்."

அண்ணியும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பையன் கீழே கிடந்த ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றான். கைக்கு ஒரு வேலை கொடுக்காவிட்டால் அவன் அங்கேயே விழுந்துவிடுவான் போலிருந்தது. வீட்டுக்குள் இருட்டு ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை.

"ஆளுங்க வருவாங்க" என்றாள் அவள். "உள்ள ஒரு விளக்கு போடணும். அந்த ஒயர குடு."

அவன் வேகமாகக் குனிந்து எடுத்தான். ஜன்னல் வழியாக அவள் வாங்கிக்கொண்டாள். கட்டிலுக்குப் பின்னால் கிடந்த ப்ளக் பலகையில், வழக்கமான இடத்தில், பார்க்காமலே சொருகினாள். வெளியே அவன் வண்டியில் பொத்தானை அழுத்தினான்.

விளக்கு எரிந்தது. கூடவே மெஷினும். காலையில் அது நின்றபோது அதன் சுவிட்சை யாரும் அணைத்திருக்கவில்லை. ஒரு தடவை கீச்சிட்டுவிட்டு, புஸ் என்று இழுத்து டக் என்று விட்டு ஓட ஆரம்பித்தது. தரையில் கிடந்த குழாயின் நுனியிலிருந்து காற்று யாருக்குமில்லாமல் வெளியே வந்தது.

நாத்தனார் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சுவிட்சை நோக்கி ஓடினாள்.

"இருக்கட்டும்" என்றாள் தையல்காரி. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "கொஞ்ச நேரம் ஓடட்டும்."